அக்காவின் வண்டியை விற்கப் போனேன்

1

லீட்ஸ் நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழங்காநத்தத்தில் இதை வாசிக்கிறவர்களில் சிலர், நான் இங்கிலாந்தில் ஏதோ பெரிய அதிகாரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்புக்கு என் அக்காதான் காரணம். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "தம்பி டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்" என்பாள். பொய் சொல்ல மாட்டாள். கணக்கு டீச்சராக இருந்தவள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

என் மனைவி எஸ்தருக்கு அங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கையில் இயற்பியல் முதுகலை இருந்தது. அதை அங்கே யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பஸ் கம்பெனிதான் வா என்றது. சம்பளத்தில் குறையில்லை. இறங்குகிற பயணிகள் எல்லோரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். முதல் வருடம் அது பெருமையாக இருந்தது. பிறகு மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பிப்ரவரியில் டெப்போவில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். இருபது வருடம் ஓட்டியதற்கு. கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அக்கா கூப்பிட்டாள்.

"சாமு, டிக்கிக் கதவு கையில விழுந்திருச்சுடா. இடது மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு. மாவுக்கட்டு போட்டுருக்காங்க. ஒண்ணும் பதறாத, வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

வண்டிக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

அப்போது எங்கள் வீடு இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், ரூத். வேறொரு ஊரில் தங்கி பார்மசி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் ஒரு நாள் இரண்டு பைகளோடு வந்து வாசலில் நின்றாள். "லீவாம்மா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். அவ்வளவுதான். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பின்பு இறங்கி வந்து சாப்பிடுவாள். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, அவள் படிப்பிலிருந்து விலகிவிட்டாள் என்று. என்ன ஆச்சு என்று கேட்டால் "ம்" என்பாள். எஸ்தருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். மூன்று பேர் இருந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பிரிட்ஜ் பக்கத்தில்தான் பார்த்துக்கொண்டோம்.

எஸ்தர்தான் சொன்னாள். "ஏங்க, மூணு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வாங்க. அண்ணியப் பார்த்த மாதிரியும் இருக்கும். இவளயும் கூட்டிட்டுப் போங்க. அண்ணி எடுத்துச் சொன்னா கேப்பா."

எதை வைத்து அப்படி நினைத்தோம் என்று தெரியவில்லை. ரூத் தன் அத்தையைப் பார்த்ததே நாலைந்து முறைதான். ஆனாலும் எனக்கு இரண்டு வேலை என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். ஒன்று, ஒடிந்த கையோடு அக்கா இனி ஓட்டக் கூடாது, அந்தப் பழைய வண்டியை விற்றுவிட வேண்டும். இரண்டு, செப்டம்பரில் மறுபடி படிக்கச் சேரும்படி ரூத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

2

அக்கா பெயர் ஞானம். மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் சொந்தத்தில் யாருக்கும் வந்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகி, திருப்பரங்குன்றத்தில் ஒரு பல் டாக்டரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினாள். சின்ன ஹேட்ச்பேக். சாம்பல் நிறம். பின் கண்ணாடியில் டாக்டர் ஒட்டியிருந்த சிவப்புக் கூட்டல் குறியை அக்கா சுரண்டி எடுத்துவிட்டாள். ஆனாலும் அதன் தடம் அப்படியே தெரிந்தது. ஒரு தடவை பெட்ரோல் பங்க்கில் யாரோ ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் நின்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"வெந்நியில உப்புப் போட்டுக் கொப்பளிங்கன்னேன். அதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?"

வண்டியின் குணங்களை அக்கா முதல் நாளே எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். வலது பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, யாராவது இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். முன் ஜன்னல் கண்ணாடி ஏறும்போது உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும், அதை நம்பக் கூடாது. ஏசி வண்டி ஓடினால் குளிரும், சிக்னலில் நின்றால் அதுவும் நின்றுவிடும். டிக்கிக் கதவைத் தாங்கும் கம்பியில் காற்றுப் போய்விட்டது. அதுதான் கையில் விழுந்தது. இப்போது அதற்கு ஒரு பழைய பேட்மிண்டன் மட்டையை முட்டுக் கொடுத்திருந்தாள்.

லீட்ஸில் எங்களிடமும் இப்படி ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கிறது. வருடா வருடம் அதைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். போன வருடம் நம்பர் பிளேட்டுக்கு மேலே எரிகிற பல்பு எரியவில்லை என்று தேறவில்லை என எழுதிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மிகவும் வருத்தத்தோடு அதைச் சொன்னார். ஆளே செத்துப்போன மாதிரி. அக்காவின் வண்டியை அவரிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஆனால் தெருவுக்கே அந்த வண்டி தேவையாக இருந்தது. பின் சீட்டை மடக்கிவிட்டால் கிரைண்டர் போகும், அரிசி மூட்டை போகும், சர்ச்சுக்கு வேண்டிய வாழைமரம் பாதி வெளியே நீட்டிக்கொண்டு போகும். வலி எடுத்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது. எதிர்வீட்டு ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வந்திருக்கிறது. "டீச்சர் வண்டி" என்றால் பழங்காநத்தத்தில் நாலு தெருவுக்குத் தெரியும். மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து அது வாசலில் துணி போர்த்தி நின்றது.

3

மறுநாள் காலை அக்காவுக்குத் திருப்பரங்குன்றத்தில் பிசியோதெரபி, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களுக்கு. நான் ஓட்டுகிறேன் என்றேன். இரண்டு மாடி பஸ்ஸைப் பனியில் ஓட்டுகிறவனுக்கு இது ஒரு வண்டியா? ரூத் பின்னால் ஏறிக்கொண்டாள். காதில் ஏதோ மாட்டியிருந்தாள்.

தெருமுனை வரைக்கும் சரியாகத்தான் போனேன். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைத் தட்டினேன், வைப்பர் ஓடியது. இங்கே இண்டிகேட்டர் லீட்ஸ் வண்டியில் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். மார்ச் மாத வெயிலில் காய்ந்த கண்ணாடியை அது கரகரவென்று தேய்த்தது. நிறுத்தத் தெரியாமல் இன்னும் வேகமாக்கினேன்.

பிறகு ரவுண்டானா வந்தது. லீட்ஸில் ரவுண்டானாவில் வலமிருந்து வருகிறவர்களுக்கு வழி விட்டு நிற்க வேண்டும். என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நின்றேன். வலமிருந்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டோ, டவுன் பஸ், மூன்று பேர் உட்கார்ந்த பைக், கரும்புச்சாறு வண்டி, மறுபடி ஆட்டோ. எப்போது முடிவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த எல்லா ஹாரனும் சேர்ந்து அலறின. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் படியில் தொங்கிய கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, வண்டிய எடுப்பியளா, இல்ல இங்கனயே பந்தல் போட்டுருவமா?"

பதற்றத்தில் கிளட்ச்சை விட்டேன். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன், மறுபடி நின்றது. அக்கா ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் தெரியாத பையன் போர்டு பக்கத்தில் நிற்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, இறங்குங்க. நான் ஓட்டுறேன்."

நவம்பரிலிருந்து அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

லீட்ஸில் எங்கள் பழைய வண்டியில் பழகித்தான் அவள் லைசன்ஸ் எடுத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் ஓட்டும் அனுமதியும் வாங்கி வைத்திருந்தேன். நான் இறங்கிப் போய் அவள் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து திறக்காத கதவு அது. சுற்றிலும் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அப்பனும் மகளும் இடம் மாறிக்கொண்டோம்.

ரூத் சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நுழைத்தாள். ஒரு ஆட்டோ வளைந்து போனது. இன்னும் கொஞ்சம் நுழைத்தாள். ஒரு பைக் வளைந்து போனது. அப்படியே உள்ளே போய், சுற்றி, வெளியே வந்துவிட்டாள். அந்தத் திருப்பத்தில் ஹாரன் தானாக நீளமாக அடித்தது. எங்களை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும் நிக்க மாட்டாங்கப்பா" என்றாள். "தண்ணிக்குள்ள இறங்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகணும்."

4

அன்றிலிருந்து அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தேன். அக்கா இடது பின்சீட்டில்.

என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை. வீட்டில் இருந்தால் தெருவுக்கு வருவேன். தெருவுக்கு வந்தால் டீக்கடை வரை போவேன். டீக்கடையில் நின்றால் லீட்ஸில் இப்போது என் ரூட்டை யார் ஓட்டுகிறார்களோ என்று இருக்கும். டீ கொடுத்தவருக்கு நன்றி சொன்னேன். அவர் எதற்கு என்பது மாதிரிப் பார்த்தார். சில்லறை கொடுத்ததற்கும் நன்றி சொன்னேன். "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார். அந்தக் கடையிலிருந்து நாலாவது வீட்டில் பிறந்தவன் நான்.

ரூத்துக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவள் தமிழ் எஸ்தரிடமும் என்னிடமும் கேட்டுக் கற்றது. பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதில் மிரட்டி வைத்திருந்தோம். அதனால் எல்லோரையும் மரியாதையோடுதான் சொல்வாள். சாலை நடுவே எருமைகள் நின்றபோது, "அத்தை, அவங்க நகர மாட்டேங்கிறாங்க" என்றாள். அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்குள் ரூத் குறுக்கே வந்த ஆட்டோக்காரரிடம் ஜன்னலை இறக்கி, "என்னண்ணே, இம்புட்டு அவசரம்?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டு, "சவாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் டிரைவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஓட்டுகிறவனிடம் ஜனங்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? எத்தனையோ பேர் என் முதுகைப் பார்த்துச் சொந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் எனக்குச் சொல்வதற்கு அவள் ஓட்டிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பிசியோதெரபியிலிருந்து திரும்பி வரும்போது, ஒன்றும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"அப்பா, அங்க முதல் வருஷம் லேப்ல நான் ஒரு அளவு தப்பா எழுதிட்டேன். சின்னத் தப்பு. யாரும் திட்டல. ரொம்ப நல்லாத்தான் பேசினாங்க. ஆனா அதுல இருந்து ஒவ்வொண்ணையும் நாலு தடவ பார்க்க ஆரம்பிச்சேன். அப்புறம் பத்து தடவ. அப்புறம் கதவ பூட்டினேனான்னு பார்க்கப் பாதி வழியில இருந்து திரும்பிப் போவேன். அப்புறம் கிளம்பவே முடியல."

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அக்காவின் நல்ல கை என் தோளை அழுத்தியது. மூடிக்கொண்டேன்.

"இங்க எல்லாரும் தப்பாத்தான் ஓட்டுறாங்க. நானும் தப்பு பண்றேன். எதிர்ல வரவங்க கொஞ்சம் வளைஞ்சு போயிடறாங்க. யாரும் அத ஞாபகம் வச்சுக்கல. எனக்கு இங்க கை நடுங்கலப்பா."

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல் சும்மா கிடந்தன. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இதே ரோட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இந்த ஒழுங்கற்ற ஊரிலிருந்து தப்பித்துப் போய்விட்டோம் என்றுதான் நான் இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

5

வண்டிக்கு ஆள் கிடைத்தது. டி. கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் பாண்டி. பருத்தியும் வெங்காயமும் போடுகிற குடும்பம். அவர் மனைவி முத்துலட்சுமி பள்ளிக் காலத்தில் அக்காவின் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள். அவர்களுக்குப் பிறந்து ஐந்து மாதமான இரட்டைப் பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கு மதுரை வரவேண்டும் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டுகிறோம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் வெயிலில் கண் கூசியது. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த செடிகள் காய்ந்து நின்றன. வண்டி ஓடியதால் ஏசி குளிர்ந்தது. அதற்காகவே ரூத் எங்கும் நிற்காமல் ஓட்டினாள்.

பாண்டி வீட்டு முன்னால் பெரிய களம் இருந்தது. அதில் வண்டியை நிறுத்தினோம். பாண்டி சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார். அவர் ஒன்றும் கேட்கும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். இடது ஒடித்தால் ஹாரன். வலது பின்கதவு. பெட்ரோல் முள். கண்ணாடி. பேட்மிண்டன் மட்டை. எல்லாவற்றையும் சொல்லி, "முன்னாடி வலது டயர் இன்னும் ஆறு மாசம் தாங்காது" என்று முடித்தாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, விக்கத்தானே வந்தோம்" என்றேன்.

பாண்டி சிரித்தார். "இருக்கட்டுண்ணே. வண்டி விக்கிறவங்க இம்புட்டு குறைய வாயால சொல்லி இப்பத்தான் கேக்கேன்."

முத்துலட்சுமி இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு பிள்ளையையும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். மாமியாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பை வைக்க இடம் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், வழியில நின்னுருமா?"

"ஒரே ஒரு தடவ நின்னுச்சு. பெட்ரோல் இல்லாம. அது என் தப்பு, வண்டி தப்பு இல்ல."

"அப்பச் சரி" என்றாள் முத்துலட்சுமி. விலை பேசும் வேலையைப் பாண்டியிடம் விட்டுவிட்டு இறங்கி, ரூத்தைப் பார்த்தாள். "நீயா மதுரையில இருந்து ஓட்டிட்டு வந்த?"

"ஆமாங்க அக்கா."

"எனக்குச் சொல்லித் தாரியா? இவுக கடைய விட்டுட்டு எப்ப வருவாகன்னு நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா நானே ஓட்டிட்டுப் போகணும்."

பிள்ளைகளை மாமியார் வாங்கிக்கொண்டார். முத்துலட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் களத்து ஓரம் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம்.

வண்டி துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது. ரூத்தின் குரல் கேட்டது. "பரவாயில்லக்கா. காலை மெதுவா எடுங்க. அவசரப்பட்டா வண்டிக்குக் கோவம் வருது." வண்டி ஊர்ந்தது. களத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இடது பக்கமாகவே சுற்றியதால் ஹாரன் விடாமல் அடித்தது. கோழிகள் நாலா பக்கமும் பறந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பு ஹாரனையும் மீறிக் கேட்டது.

ரூத் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விலை படிந்தது. லீட்ஸுக்குக் கிளம்புகிற அன்று வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். பேர் மாற்றுகிற வேலைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இரண்டு நாள் அலைந்தோம். எந்த ஜன்னலில் நின்றாலும் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லீட்ஸில் இதையே போனில் இசை போட்டுச் செய்வார்கள்.

6

கல்லுப்பட்டியிலிருந்து திரும்பும் வழியில், திருமங்கலத்துக்கு முன்னால், ரூத் சொன்னாள். "அப்பா, நான் உங்க கூட வரல."

"எங்க வரல?"

"லீட்ஸுக்கு."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். புளியமரத்தடியில் நிறுத்தினாள். இறங்கி நின்று, கையை ஆட்டிக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் நினைவில்லை. பனியில் நான் ஓட்டியதைச் சொன்னேன். அம்மாவின் நைட் ஷிப்டைச் சொன்னேன். "உனக்காகத்தானே போனோம்? இங்க இருந்து என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள். "கொஞ்ச நாள் தெரியாம இருக்கேன்."

அப்போது பின்சீட்டிலிருந்து அக்கா கேட்டாள். "யாரு வீட்டுல இருக்கப் போற?"

ரூத் திரும்பினாள்.

"என் வீட்டுல தங்கப் போற. என்னைக் கேட்டியா?" அக்காவின் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது. "நான் தனியா இருந்து பழகினவ. காலையில எந்திரிச்சதும் யாராவது பேசினா எனக்குப் பிடிக்காது."

ரூத் முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் பிடிக்காது அத்தை" என்றாள்.

அக்கா வெளியே பார்த்தாள். "சரி, வண்டிய எடு. வெயில் ஏறுது" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீடு வந்து சேரும் வரை எனக்குப் புரியவில்லை. வந்ததும் அக்கா தன் புத்தக அலமாரி இருந்த அறையைக் காட்டி, "இதுல இருக்கிற எதையும் இடம் மாத்தி வைக்கக் கூடாது" என்று ரூத்திடம் சொன்னபோதுதான் புரிந்தது.

எஸ்தருக்குப் போன் செய்தேன். அவள் அழுவாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். நர்ஸ் மாதிரி மூன்று கேள்வி கேட்டாள்.

"சாப்பிடறாளா?"

"சாப்பிடறா. எனக்கு வச்ச இட்லியையும் சேர்த்து."

"தூங்கறாளா?"

"தூங்கறா."

"கதவ திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கறாளா?"

எஸ்தருக்கு அது தெரிந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. "இல்ல" என்றேன்.

"அப்ப இருக்கட்டுங்க" என்றாள். ஆனால் வெகு நேரம் போனை வைக்கவில்லை.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் காரியமாக யோசித்தேன். ரூத் இருக்கப்போகிறாள் என்றால் வண்டியை எதற்கு விற்க வேண்டும்? அக்காவிடம் அதைச் சொன்னேன். பிசியோதெரபிக்குப் போக வேண்டும், தெருவுக்கும் உதவும், ஓட்ட ஆள் இருக்கிறது, பாண்டியிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் அது மெதுவாகத்தான் நடக்கும். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வண்டி இருந்தா அவ என் டிரைவர் ஆயிடுவா சாமு. அப்புறம் இந்தத் தெருவுக்கு டிரைவர். நாலு மாசம் கழிச்சு அவளுக்குப் போகணும்னு தோணினா, அத்தைய யாரு கூட்டிட்டுப் போவான்னு நினைச்சு நின்னுருவா. அது வேணாம். நான் பஸ்ஸுல போய்க்கிருவேன். அவ இருந்தா இஷ்டத்துக்கு இருக்கட்டும், போனா இஷ்டத்துக்குப் போகட்டும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தேன். தண்டை எல்லாம் சேர்த்துப் போடுகிறேன் என்று திட்டினாள்.

மனதுக்குள் எனக்கு இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி போய்விட்டால் ரூத்துக்கு இங்கே பிடிமானம் போய்விடும். ஒரு மாதத்தில் அலுத்துப்போய், டிக்கெட் போடுங்கப்பா என்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் மீதி நாட்களைத் தள்ளினேன். ஆனால் வண்டி கைமாறிய பிறகும் வாரம் ஒரு நாள் பஸ்ஸில் கல்லுப்பட்டி போய் முத்துலட்சுமிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதாக அவள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தொடங்கியிருந்தாள். திருமங்கலம் என்று படிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. "அதுக்குள்ள பஸ் போயிடும்" என்றேன். "அடுத்தது வரும்பா" என்றாள்.

7

கிளம்புகிற அன்று காலை அக்கா வாசலில் நின்று ஜெபம் செய்தாள். சின்ன ஜெபம். என்னைக் காப்பாற்றச் சொன்னாள், எஸ்தரின் முழங்கால் வலியைச் சொன்னாள், முத்துலட்சுமிக்குக் கிளட்ச் பிடிபட வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு அவளும் ஏறிக்கொண்டாள். என்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, இருவரும் அப்படியே கல்லுப்பட்டி போய் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம்.

ரூத் அமைதியாக ஓட்டினாள். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. அவள் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு நேராகப் போனாள். என் வலது கால் அசையாமல் கிடந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஏர்போர்ட் வாசலில் வண்டிகளை நிற்க விடாமல் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக இறங்கினேன். ரூத் என் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். அக்கா உள்ளேயிருந்தபடியே நல்ல கையை ஜன்னல் வழியாக நீட்டி என் கையைப் பிடித்தாள். "ஒழுங்கா ஓட்டு" என்றாள். எந்த வண்டியைச் சொன்னாளோ.

ரூத் என்னைக் கட்டிப்பிடித்தாள். சின்ன வயதிலிருந்தே ஸ்கூல் வாசலில், ரயில் நிலையத்தில், கல்லூரி விடுதி வாசலில், "பை டாட்" என்று சொல்லித்தான் அவள் என்னை அனுப்பிப் பழக்கம். அதற்காகக் காத்து நின்றேன். பின்னால் விசில் அடித்தது. அவள் ஓடிப்போய் சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா, நான் வாரேன்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. வெளியே போகிற வளைவில் திரும்பி, கார்களுக்கு நடுவே நுழைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒரு நொடி, உண்மையாகவே, அவள் எங்கே வரப்போகிறாள் என்று யோசித்துவிட்டேன். எங்கள் ஊரில் போகிறவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.